கரையான்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

ஒரு காட்டில் நூலகம் ஒன்று இருந்தது. அங்கே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் எவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம், கீழே ஒரு வரி கருத்து. சராசரி மூன்றுக்குக் கீழே போன புத்தகத்தை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரையான்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

ஜெபசீலி என்ற கீரிப்பிள்ளை அந்த நூலகத்துக்கு ஒரு காதல் நாவல் எழுதிக் கொடுத்திருந்தது. கையால் எழுதித் தானே தைத்த ஒரே பிரதி. பட்டணத்தில் வேலை பார்க்கும் பெண் மான் ஒன்று வீட்டை விற்க ஊருக்கு வருகிறது. கூரையில் காகித நட்சத்திரம் கட்ட வந்த தச்சு மானைப் பார்த்ததும், விற்பதைத் தள்ளிப்போடுகிறது. கிறிஸ்துமஸ் அன்று கல்யாணம் நிச்சயமாகிறது. நடுவில் நிறைய பனி, நிறைய கேக்.

முதலில் எடுத்தது கரடி. தங்கச்சிக்காக எடுத்ததாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தது. கரடிக்குத் தங்கச்சி கிடையாது என்பது காட்டுக்கே தெரியும். இரண்டு நட்சத்திரம் போட்டு, "நம் காட்டில் பனி கொட்டாது, யதார்த்தம் போதாது" என்று எழுதியது, பேனா பிடித்து எழுதத் தெரிந்த அந்தக் கரடி.

அடுத்தது சிறுத்தை. பத்தொன்பது நாள் வைத்திருந்துவிட்டு, கண் சிவக்கக் கொண்டுவந்தது. ஜலதோஷமாம். அதுவும் இரண்டு நட்சத்திரம்தான். கடைசியில் இரண்டு மானும் சேர்ந்துவிடும் என்பது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாக எழுதியது.

நூலகர் ஆந்தை கண்ணாடியை இறக்கிப் பார்த்தது. "தெரிஞ்சுமா அண்ணாச்சி இத்தனை நாள் படிச்சீங்க?"

சிறுத்தை சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. "சேராமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சுக்கா."

படிவத்தை மட்டும் அது திருத்தவில்லை.

இப்படி ஏழு பேர். எல்லாரும் யாருக்காகவோ எடுத்தார்கள், எல்லாரும் தாமதமாகக் கொடுத்தார்கள், எல்லாரும் இரண்டு நட்சத்திரம். மறுபடி எடுக்க வாசலில் வரிசை வேறு. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து இதையெல்லாம் பார்த்த ஜெபசீலி, ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்த வரிசையையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டது.

"க்யூவுக்குப் படிவத்துல இடம் இல்லம்மா," என்றது ஆந்தை. அதற்கும் வருத்தம்தான்.

குறித்த நாளில் கரையான்கள் வந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும். நூலகத்தில் இருந்ததோ நட்சத்திரம் போடும் அந்த ஒரே வகைப் படிவம். அட்டையின் ஓரத்தை ருசி பார்த்த கரையான்கள், ஆளுக்கொன்றாக நிரப்பிக் கொடுத்தன. "பசை பிரமாதம்." "மைதாவில் கஞ்சி வாசனை, அம்மா கைப்பக்குவம்." "அட்டை மொறுமொறு, குடும்பத்தோடு ரசிக்கலாம்." மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு கரையான்கள். எல்லாம் ஐந்து நட்சத்திரம்.

ஆந்தை சராசரியைத் திரும்பப் போட்டது. நாலு தசம் ஒன்பது ஒன்பது. நாலரையைத் தாண்டிய புத்தகத்தை விதிப்படி யாரும் தொடக் கூடாது, தின்னவும் கூடாது. முன் அலமாரியில் தங்க நிற ரிப்பன் கட்டி வைத்துவிட்டது.

"அப்போ எங்க சாப்பாடு?" என்று கேட்டது கரையான் மேஸ்திரி.

இதுவரை ஒருவரும் கருத்தே எழுதாத 'நூற்றெட்டு நீதிக்கதைகள்' தொகுதியை ஆந்தை எடுத்துக் கொடுத்தது.

ஜெபசீலி அன்றைக்கே இரண்டாவது நாவலைத் தொடங்கியது. கதை இன்னும் முடிவாகவில்லை. பசையை மட்டும் ஒரு பானை நிறையக் காய்ச்சி வைத்துவிட்டது.

நீதி: படித்து அழுதவர்களை நம்பிப் புத்தகம் எழுதாதே, தின்ன வருகிறவர்களுக்குப் பசையைத் தாராளமாகத் தடவு.