ருக்மணி அம்மாளின் கடவுள் வாழ்த்தும் சேதுபதியின் இரண்டு கால்களும்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. சன்னலோரம் இருப்பவர்களும் கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காருங்கள். இரண்டு கால்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முடிவில் சிரித்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடக்கத்தான் செய்யும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காஜா பெராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் திடலில் பந்தல் போட்டு, கொடி கட்டி, நாற்காலி நிறைய ஜனம். மேடைத் திரைக்குப் பின்னால் தற்காலிக வாத்தியார் சேதுபதியை ஒரு தூணோடு ஒட்டி நிறுத்தியிருந்தார் பள்ளி வாரியத் தலைவர் கலியாணசுந்தரம்.

"தம்பி, வீட்டுக்காரம்மா கடவுள் வாழ்த்துப் பாடப் போறா."

"தெரியும் ஐயா. நாந்தானே ஆர்மோனியம்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவ குரல் வெளியில கேட்கக் கூடாது."

சேதுபதி விழித்தான்.

"கல்வி இலாகா தொரைங்க வந்திருக்காங்க. அவளுக்குப் பாட்டுன்னா உசிரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாடுறா, நானும் தலையாட்டிக்கிட்டே இருக்கேன். நீ பெட்டியை ஓங்கி மிதி. ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது."

"பாட வேணாம்னு அம்மாகிட்டயே சொல்லிட்டா என்னங்க ஐயா?"

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல."

சொல்லிவிட்டுத் தம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். சேதுபதியை நிரந்தரமாக்கும் கடிதம் அதில் இருந்தது. "விழா முடியட்டும், கையெழுத்துப் போட்டுடலாம்."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவன் இரண்டு வருஷமாகக் காத்திருந்தான். புக்கிட் காதிலில் அவனுக்குப் பேசி வைத்திருந்த ஜெயா காத்திருந்தாள். அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நிரந்தரம்னு தாளைக் காட்டுங்க மாப்ளே, அப்புறம் தேதி பேசலாம்."

பள்ளியின் கால் ஆர்மோனியம் இடுப்பளவு உயரமுள்ள பழைய பெட்டி. அடியில் இரண்டு மிதிகட்டைகள். மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தியில் காற்று நிறையும். மெல்ல மிதித்தால் முனகும், ஓங்கி மிதித்தால் முழங்கும். வாசிப்பது கை என்றாலும் சத்தத்துக்குச் சொந்தக்காரன் கால்தான்.

ருக்மணி அம்மாள் பச்சைப் பட்டில் வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது. பாட ஆரம்பித்தார். மழைக்காலத்தில் உப்பிப்போன கதவைத் தோளால் தள்ளித் திறப்பது போல ஒரு குரல் புறப்பட்டது.

சேதுபதி உடனே ஓங்கி மிதித்தான். குரல் ஆர்மோனியத்துக்குள் அமுங்கியது. முன்வரிசையில் கலியாணசுந்தரம் கண்ணை மூடித் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாள் திரும்பிச் சேதுபதியைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது, மோவாய் லேசாக அசைந்தது.

அமுக்குவது அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். கால்களைத் தளர்த்தினான். உப்பிய கதவு முழுசாகத் திறந்துகொண்டது. இலாகா தொரை ஒருவர் விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினார். கலியாணசுந்தரம் இருமினார். சளித் தடிமன் இருமல் இல்லை அது, உத்தரவு இருமல்.

மறுபடி ஓங்கி மிதித்தான். இப்போது மிதிகட்டை கீச்சுக் கீச்சென்று கத்தியது. சப்பாத்து உரசுகிறதோ என்று வாசித்துக்கொண்டே அதைக் கழற்றி உதறினான். கீச்சு நின்றது. ஆனால் காலுறை வழுக்கியது. பாதம் சறுக்கிக் கட்டையின் ஓரத்தில் இறங்க, ஆர்மோனியம் திடீரென்று ஓர் உறுமு உறுமியது. முன்வரிசையில், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தாரான சிட்டி சமூகத்துப் பெரியவர் அப்பாசாமி இருந்தார்; அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், லோரி ஏதாவது திடலுக்குள் வருகிறதா என்று மலாயில் கேட்டார்.

அம்மாள் மறுபடியும் திரும்பிப் பார்த்தார். இந்த முறை கண்கள் இன்னும் விரிந்திருந்தன.

சேதுபதி குறைத்தான். கலியாணசுந்தரம் கைக்குட்டையை எடுத்து மேலே மேலே வீசினார். சேதுபதி ஏற்றினான். அம்மாள் முறைத்தார். குறைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கையெழுத்து, ஒரு பக்கம் கையெழுத்துப் போடுகிறவருக்கு வீட்டில் சோறு போடுகிறவர். எந்தக் காலை எந்தப் பக்கம் வைப்பது?

கடைசியில் கடிதம் ஐயாவின் பையில்தானே இருக்கிறது என்று முடிவு செய்து, இரண்டு காலாலும் வெறிகொண்டு மிதித்தான். இடது கட்டையின் தோல்வார் அறுந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் காலில் சங்கீதம் விக்கி விக்கி வந்தது. ஒரு வரி முழக்கம், ஒரு வரி வெறும் அம்மாள். அதுவரை ஏனோதானோவென்று இருந்த ஜனமெல்லாம் அடுத்து எது வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

பிறகு துருத்தித் துணி 'பர்'ரென்று கிழிந்தது. ஆர்மோனியம் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

பாட்டில் இன்னும் இரண்டு அடி பாக்கி. துணைக்கு ஒரு சுருதிகூட இல்லாமல், அந்தப் பெரிய அமைதியில், ருக்மணி அம்மாள் தன்னந்தனியாகப் பாடி முடித்தார். காகங்கள் பந்தல் கம்பத்தை விட்டுப் பறந்தன.

திரை விழுந்ததும் கலியாணசுந்தரம் மேடைக்குப் பின்னால் வந்தார். கையில் கடிதம் இருந்தது. பேனா மூடியபடியே இருந்தது.

"ரெண்டு கால் குடுத்திருக்கான் ஆண்டவன். அதை வெச்சு ஒரு பாட்டை அமுக்க முடியலையா உன்னால?"

"அம்மா பார்த்தாங்க ஐயா. மூணு தரம் பார்த்தாங்க."

"பார்த்தா?"

"கோவமா இருந்தாங்க. என் மனசு கேட்கலை."

கலியாணசுந்தரம் கடிதத்தை நான்காக மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினார். சேதுபதி அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது அவர்கள் வீட்டில் சமையல் பார்க்கும் அன்னம், ஒரு குவளைக் கோப்பியோடு திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். திரை மறைவில் ஐயா நிற்பது அவள் கண்ணில் படவில்லை.

"இந்தாங்க சார், அம்மா குடுத்து விட்டாங்க," என்றாள் சேதுபதியிடம். "பாட்டுன்னாலே அம்மாவுக்குக் கை காலெல்லாம் நடுக்கம், ஐயா ஆசைப்படுறாரேன்னு பத்தொன்பது வருசமாப் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பாடுறாங்க, என் குரல் யாருக்கும் கேட்காம ஓங்கி மிதிங்கன்னு மூணு தரம் திரும்பித் திரும்பிச் சாடை காட்டினாங்களே, நீங்க ஏன் சார் குறைச்சிக்கிட்டே போனீங்க?"

அவ்வளவுதான் கண்ணுகளா. ஐயாவின் கையெழுத்தோடு அன்றைக்குச் சாயங்காலமே புக்கிட் காதிலுக்குப் போய்ச் சேர்ந்த அந்தத் தாள் மாதிரி, நல்ல சேதி உங்கள் வீட்டுப் படியும் ஏறி வரட்டும். அடுப்பு அணையாமல், பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் மனசை ஒருத்தர் கேட்டுக்கொண்டு நிறைவாக இருங்கள்.