டிரிகர் மட்டும்தான் பாக்கி

‘எல்லாம் முடிந்துவிட்டது, அது மட்டும்தான் பாக்கி’ என்று சொல்லியே காலம் தள்ளும் ஓர் இனம் மனிதர்களில் உண்டு. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல வேலை, நல்ல சம்பளம், நல்ல பேச்சு எல்லாம் இருக்கும். அவர்கள் வீட்டு கராஜைத் திறந்து பார்க்க வேண்டும். கார் நிற்க வேண்டிய இடத்தில் கார் இல்லையா? சந்தேகமே வேண்டாம், அதே இனம்தான்.

டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் ஊரில் என் பக்கத்து வீட்டு நஞ்சப்பன் இந்த இனத்தின் தலைமகன். அவரோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கர், குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடும் அந்தக் காலத்து நீளத் துப்பாக்கியைத் தன் கையாலேயே செய்து சுவரில் மாட்டியிருந்தாராம். இவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார்; அடுத்த வாரமே மரக்கட்டை, இரும்புக் குழல், திருகு, தகடு எல்லாம் பெட்டியில் வந்து இறங்கின. மான் வேட்டைக்கா? அட, கொசு மருந்து அடித்தால்கூட மனம் கேட்காமல் வெளியே போய் நிற்கிற மனிதர் அவர். சுடுவதற்கல்ல, செய்வதற்கு!

இரண்டு கார் நிற்கும் கராஜில் ஒரு கார்கூட நிற்க இடமில்லாமல் போயிற்று. நஞ்சப்பனின் பழைய கார் வெளியே நின்றால் யாருக்கு என்ன? அவர் மனைவி மரகதத்தின் கார் அப்படியல்ல. இந்த நாட்டுக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, பிறகு வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் தன் பெயரில் அவள் வாங்கிய முதல் கார். செக்கச்செவேலென்று இருக்கும். டெக்சஸில் கோடைக்கு முன்னால் ஆலங்கட்டி விழும் என்பதும், விழுந்தால் கார் அம்மி கொத்தியதுபோல் ஆகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“ஏனுங்க, மார்ச் வந்துருச்சு. காரை உள்ள விடோணுமுங்க.”

“அட, எல்லாம் முடிஞ்சுது மரகதம். டிரிகர் மட்டும்தான் பாக்கி.”

அந்த டிரிகர் இருக்கிறதே, அது ஒரு விசையல்ல, இரண்டு. பின்விசையை ‘டிக்’கென்று இழுத்து வைத்துவிட்டால் போதும், அப்புறம் முன்விசையில் விரல் லேசாகப் பட்டாலே துப்பாக்கியின் சுத்தியல் அடித்துவிடும். பெட்டியில் வந்த விசைகள் நன்றாகத்தான் இருந்தன. நஞ்சப்பனுக்கு அவற்றின் வளைவு பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் விடுவார்களா இந்த இனத்தார்? மரகதம் தோசை வார்க்கிற அடுப்பில் அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் வளைத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, முகம் தெரியும்வரை பளபளப்பாக்கி, மரக்கட்டையைக் குடைந்து பொருத்தினார். குடைந்தது கூடிப்போய் விசை மேலே முட்டியது; தூக்கி வைத்த சுத்தியல் நிற்கவில்லை. விசையின் தலையை ராவினார். ராவியது கூடிப்போய் எட்டவில்லை, சுத்தியல் விழவில்லை. புது ஜோடி வரவழைத்தார். அதன் வளைவும் பிடிக்கவில்லை.

“துப்பாக்கிக் கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல பொருத்திடுவாங்களே” என்றேன். பார்த்தார் ஒரு பார்வை!

“அவன் பொருத்துனா அது அவன் துப்பாக்கி ஆயிருமுங்க.”

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு விசைக்கும் நடுவே இருக்கும் பொடித் திருகை மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வானம் இருண்டது. கூரையில் முதல் ஆலங்கட்டி ‘டொம்’மென்று விழுந்தது. மரகதம் ஓடி வந்தாள்.

“ஏனுங்க, அந்தக் கம்பளியக் குடுங்க! காரை மூடோணும்!”

வீட்டிலிருந்த கம்பளியெல்லாம், கீறல் பட்டுவிடக் கூடாதென்று துப்பாக்கிக்கு அடியில் மெத்தையாகக் கிடந்தன.

“ஒரே நிமிஷம்! இப்பக் கையெடுத்தா செட்டிங் போயிரும்!”

மரகதமும் நானும் குளியல் துண்டுகளோடு ஓடினோம். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கொட்டும்போது துண்டு என்ன செய்யும்? வாசலோடு நின்றுவிட்டோம். முன்கண்ணாடியில் விரிசல் ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு ‘டிக்’, அடுத்து ஒரு ‘டக்’. “வேலை செய்யுது!” என்று ஒரு கூக்குரல்.

“திங்கக்கிழமை குழி எடுக்கற பாடி ஷாப்ல விட்டுடறேன், இன்சூரன்ஸ்ல பாத்துக்குவாங்க” என்றாள் மரகதம்.

மழை விட்டதும் நஞ்சப்பன் வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். பானெட்டில் ஒரு குழியை விரலால் தடவினார். விசையின் வளைவைப் பார்த்த அதே கண்கள்!

“பாடி ஷாப் எதுக்கு மரகதம்? இதை நானே தட்டி எடுத்துருவேன். ரெண்டே வாரம்.”

ஆயிற்று, அடுத்த ஏப்ரலும் வந்துவிட்டது. மரகதம் கேட்டது கிடைத்துவிட்டது: கார் இப்போது கராஜுக்குள்தான் இருக்கிறது. பானெட் தனியாக, கதவுகள் தனியாக, கம்பளி போர்த்திக்கொண்டு பத்திரமாக இருக்கிறது. அவள் தினமும் என் மனைவியின் காரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். துப்பாக்கி சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. முன்விசை இன்னும் கொஞ்சம் லேசாகலாமாம். காரைப் பற்றிக் கேட்டால், “எல்லாம் முடிஞ்சுதுங்க. கதவு மட்டும்தான் பாக்கி.”

சிரிக்கிறீர்களா? நல்லது. இதை அப்படியே வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தால் பிழைத்தீர்கள். யாரும் சிரிக்காமல், போன தீபாவளிக்கு நீங்கள் கழற்றி வைத்த மிக்ஸியின் பக்கம் திரும்பிப் பார்த்தால், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக ரிப்பேர் கடைக்குப் போங்கள்.