மேசைத்தட்டியின் ஐந்து நிமிடம்

அன்பு மிகுந்த அக்காவுக்கு, சட்டசபையில் சுருக்கெழுத்து எழுதும் உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே அத்தானின் இருமலும் சௌக்கியமாக இருக்கிறது என்பதை, போனில் அவர் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டு முடிக்க எடுத்துக்கொண்ட மூன்று நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். வெள்ளைப் போர்வையை மாடியில் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கிறேன், இந்தப் புகைபோக்கிச் சட்டம் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தாய். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடு, என் வேலை போய்விடும்.

ஆலைப் புகைபோக்கிகளில் வடிகட்டி பொருத்த வேண்டும் என்ற மசோதா செவ்வாய்க்கிழமை விவாதத்துக்கு வந்தது. நாங்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் எழுதிவிட்டுத் தட்டச்சு செய்யப் போவோம், அடுத்தவர் வந்து உட்காருவார். என் முறை வந்தபோது மசோதாவை எதிர்த்துப் பேச எழுந்த உறுப்பினர் மேசைத்தட்டி. அது நாங்கள் வைத்த பெயர். பேச்சில் விஷயம் இல்லாத இடங்களில் மேசையைத் தட்டுவார், ஆகவே ஓயாமல் தட்டுவார். "புகை காத்தை விட லேசு. அதனால மேல போகுது. மேல போனது மேலயே இருக்கும். அங்க யாரு குடியிருக்கா? அங்கேருந்து ஒரு புகாராவது வந்திருக்கா?" என்றார். சபை கைதட்டியது. "கரி உடம்புக்கு ஆகாதுன்றாங்க. பென்சில்ல இருக்கறது என்ன? சின்ன வயசுல தினம் ஒரு பென்சில் கடிச்சுத் தின்னவன் நான். எனக்கு என்ன குறைச்சல்?" என்றார். என்ன குறைச்சல் என்பதைச் சபையே பார்த்துக்கொண்டிருந்தது அக்கா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாங்கள் சிரிக்கக் கூடாது. அடக்கினேன், அது விக்கலாக மாறியது, விக்கலுக்கு ஒரு கோடாகப் பென்சில் இழுத்துக்கொண்டே போனது, அறைக்குத் திரும்பிக் குறிப்பேட்டைத் திறந்தால் பேச்சு முழுவதும் கோழி கிளறிய மாதிரி கிடக்கிறது. ஒலிப்பதிவு இயந்திரமோ வழக்கம்போல் பழுது.

நினைவில் நின்றது மேலே எழுதிய இரண்டு உளறல்தான். மிச்ச நிமிடங்களை அவர் மாதிரியே யோசித்து நிரப்பப் பார்த்தேன், வரவில்லை. பையில் உன் கடிதம் இருந்தது. "புகை மேலே போவது உண்மை. ஆனால் அதிலுள்ள கரித்தூள் கீழே இறங்குகிறது. என் அக்கா கொடியில் போடும் போர்வையில் இறங்குகிறது. என் அத்தானின் நெஞ்சில் இறங்குகிறது" என்று அவர் பெயரில் தட்டச்சு செய்து, கடைசியில் கைதட்டல் என்றும் போட்டேன். அது மட்டும் நிஜமாக நடந்தது.

மறுநாள், வேலை போனது என்றே நினைத்து, என் தேநீர்க் கோப்பையைக்கூடப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அச்சான குறிப்பை மேசைத்தட்டி படித்தாராம். தன் பேச்சை அவர் படித்தது அதுதான் முதல் தடவையாம். "இவ்ளோ நல்லாவா பேசினேன்" என்று கண் கலங்கி, அக்காவே இல்லாத அந்த மனிதர் அக்காவை நினைத்து அழுது, வியாழக்கிழமை தன் ஆட்களோடு வந்து மசோதாவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டார். மூன்று வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. பத்திரிகைகள் அவரை விஞ்ஞானி என்கின்றன. சட்டத்தைச் செயல்படுத்தும் குழுவுக்கும் அவரே தலைவர். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கூடவே மனசாட்சியும் குத்துகிறது. இனி யார் என்ன உளறினாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

நீ தைரியமாகப் போர்வைகளை மாடியில் போடு. அத்தானை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல். உங்கள் துணியும் நெஞ்சும் நெடுங்காலம் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
உன் தங்கை.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் குழுவின் முதல் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். "கரி கொடியிலதான் வந்து இறங்குதுன்னு நானே சபையில சொல்லியிருக்கேன். கொடியே இல்லைன்னா எங்க இறங்கும்?" என்றார் மேசைத்தட்டி. ஆலைகளைச் சுற்றி ஐந்து மைலுக்குத் துணி காயப்போடத் தடை. வடிகட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். சத்தியம் செய்திருக்கிறேனே, ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்வைகளை எடுத்துவிடு, ஜன்னலை மூடு. அத்தானின் நெஞ்சை என்ன செய்வது என்று அடுத்த வாரம் முடிவு செய்வார்களாம். அன்றைக்கு எனக்கு விக்கல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.