கொடியில் காய்ந்த முகங்கள்

ஹைதராபாத்திலேயே மனிதர்களைப் பருக்களை வைத்து அடையாளம் கண்டவர் முகத்துணி அக்கா ஒருவர்தான். பேகம்பேட் லேடீஸ் ஹாஸ்டலில் என்னை முதலில் பார்த்தபோது அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. "தாடையில ஏழு, நெத்தியில நாலு. எந்த ஊரு?" என்றார்.

அவருக்குப் பட்டான்செருவில் மாத்திரை பேக்கிங் செய்யும் வேலை. ஆனால் மாத்திரையை நம்பமாட்டார். வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி என்று அரைத்து, முதலில் தன் கையில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பார். முழங்கை வரை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் நம் முகத்தில் பூசி, மேலே ஈர மல்துணியை ஒட்டி, "செத்த மாதிரி படு" என்பார். அரை மணியில் உரிப்பார். கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் துணியில் பதிந்திருக்கும். அதில் பெயரெழுதி மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவார்.

நான் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் பின்னறையில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் பெண் கல்யாணமாகிப் போக ஆறு வாரம் இருந்தது. அந்த இடத்தை மேனேஜரிடம் கேட்க ஆசை. முகத்திலிருந்து துப்பட்டாவை எடுக்காமல் எப்படிக் கேட்பது? வாரம் ஒரு துணிக்குப் படுத்தேன்.

ஐந்தாவது வாரம், ஹவுஸ் ஓனர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறினார். காற்றே இல்லை. ஆனாலும் இருபது முகங்களும் மெல்ல அவர் பக்கம் திரும்பினவாம். நான்கு நான்கு படியாக இறங்கி வந்து, "அம்மா, யே சப் நக்கோ", இதெல்லாம் வேண்டாம் என்று அக்காவைக் கும்பிட்டார். மறுநாள் வாசலில் பூசணிக்காய் தொங்கியது.

ஆறாவது வாரம், துணிக்கடியில் நான் செத்துக் கிடக்கும்போது அக்கா சொன்னார்: "அந்தப் பூசணிக்காயப் பாத்தியா? நல்ல தோலு. ஒரு பரு இல்ல."

பிணம் குலுங்கியது.

அன்று மாலை கண்ணாடி பார்த்தேன். "ஒண்ணுமே போகலையேக்கா. நாளைக்கு எப்படிக் கேப்பேன்?"

"மேல வா."

கொடியில் என் ஆறு முகங்களும் வரிசையாகத் தொங்கின. முதல் துணியில் வாய் தைத்துவிட்டதுபோல் மூடியிருந்தது. ஆறாவது துணியில் காது வரை சிரித்தது.

"தாடையில ஏழு இருந்துட்டுப் போகட்டும். இந்த வாயோட போய்க் கேளு" என்றார் அக்கா.

கேட்டேன். கிடைத்தது.

பிறகு அக்கா வேலையை விட்டு ஊருக்குப் போனபோது எல்லார் முகத்தையும் கொடியிலேயே விட்டுப் போனார். என் ஆறாவது துணி இருந்த இடத்தில் மட்டும், காற்றில்லாமல் ஒரு வெறும் கிளிப் ஆடிக்கொண்டிருந்தது.