டொக்கு மேஸ்திரி கழற்றிய சுவர்

பெரம்பலூரில் டொக்கு மேஸ்திரி விரலை மடக்கித் தட்டிப் பார்க்காத பொருள் என்று எதுவும் கிடையாது. டீக்கடை பெஞ்சைத் தட்டாமல் உட்கார மாட்டார். பஸ் ஏறும்போது பக்கத் தகரத்தைத் தட்டி, "டிரைவர் சார், உள்ள துரு ஏறிடுச்சு" என்று அறிவித்துவிட்டுத்தான் ஏறுவார். தங்கை மகனுக்குப் பெண் பார்க்க விக்கிரமங்கலம் போனபோது அந்த வீட்டு நிலைக்கதவைத் தட்டி, "கரையான் இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் கைநழுவியது. கதவைச் சரிசெய்யும் வேலை மட்டும் அவருக்கே கிடைத்தது.

எங்கள் மாடி அறைக்கு மேற்குப் பக்கம் மட்டும் செங்கல் சுவர் கிடையாது. மரச் சட்டம் நிறுத்தி, வெளிப்புறம் ஹார்டுபோர்டு பலகைகள் அடித்திருந்தோம். அங்கேதான் என் மனைவியின் தையல் தொழில். சாரல் அடித்து அடித்து ஒரு பலகையின் அடிப்பாகம் ஊறி உப்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி மாற்றுப் பலகையோடு வந்தார். தட்டினார்.

"சார், இது புட்டு மாதிரி ஆயிடுச்சு. அடி விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காம வுட்டுட்டாங்க. தண்ணி அது வழியாத்தான் ஏறியிருக்கு."

கழற்றினார். அடுத்ததைத் தட்டினார். அதுவும் புட்டு. அதையும் கழற்றினார். நான் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது அறைக்குள் நின்றபடியே எதிர்வீட்டு மொட்டைமாடி முழுவதும் தெரிந்தது.

"ஒரு பலகைன்னுதானே பேச்சு?"

"அது நீங்க சொன்னதுங்க. நான் எங்க சொன்னேன்?"

அந்த நேரம் பார்த்து வேப்பந்தட்டைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு என்பதால் பலகைக் கடைகள் எல்லாம் பூட்டு. துணிகளைக் கீழே இறக்கிவிட்டோம். புது எம்பிராய்டரி மெஷின் மட்டும் படிக்கட்டில் இறங்காது. அதில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் பாதி வேலையில் மாட்டியிருந்தது. தார்ப்பாயைக் கட்டினோம். காற்று அதை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது.

"அண்ணே, மெஷின் நனைஞ்சா என் பொழப்பே போச்சுண்ணே!" என்று மனைவி திரும்பினாள். மேஸ்திரியைக் காணோம். கீழே அவருடைய மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஓடிட்டாரு பாருங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்துக்கொண்டு மெஷினை மூடியபடி நின்றோம்.

முதல் தூறல் விழும்போது தெருவில் ஒரு லோடு ஆட்டோ திரும்பியது. முன்னால் மொபெட்டில் மேஸ்திரி. ஆட்டோவில் ரோஸ் கலர் பெயின்ட் அடித்த பலகைகள். அவற்றின் மேல் உட்கார்ந்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

"ஏம்மா, இந்த நியாயத்தக் கேளுங்க! குரும்பலூர்ல எங்க வூட்டு முன்பக்கச் செவுத்தக் கழட்டிட்டு வந்து நிக்குது இந்த மனுசன். ஃபேன் காத்து நேரா ரோட்டுக்குப் போவுது!"

"நம்ம வூட்ல நனையறதுக்கு என்ன இருக்கு? நாம ரெண்டு பேருதான" என்றபடி மேஸ்திரி முதல் பலகையைத் தோளில் ஏற்றினார்.

நானும் தூக்கினேன். அந்த அம்மா திட்டிக்கொண்டே ஆணி எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பலகை ஏறி, மேஸ்திரி இணைப்புகளில் பசை பூசி முடித்தபோது மழை கொட்டியது. மெஷின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் புதுப் பலகைகள் வாங்கி அவர் வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் விளிம்புகளுக்குப் பெயின்ட் அடித்ததும் அவற்றை எங்கள் சுவரில் அடித்துவிட்டு, அவருடையதைத் திருப்பிக் கொண்டுவருவதாகத்தான் பேச்சு. மேஸ்திரி கையசைத்துவிட்டார்.

"அது அங்க நல்லா ஒக்காந்துடுச்சு சார். கழட்ட வேணாம். இது இங்க இருக்கட்டும்."

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. பெயின்டர் மாடிக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி பின்னாலேயே ஏறிப்போய், அந்த ரோஸ் சுவரில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.