ஒழுங்காகத் திரும்பி வந்த ஒரே அட்டை

கனடாவுக்கு வந்த தமிழரில், கல்யாண அழைப்புக்கு எழுத்தில் மறுமொழி வரும் என்று நம்பிய ஒரே மனிதர் கார்ட் அண்ணைதான்; அந்தப் பட்டமே அப்படி வந்ததுதான்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் வீட்டு ஹோலில் ஒரு குளிர்காலம் படுத்திருந்தேன். அதற்கு முதல் படுத்த இடத்தில் ஹீட்டர் இல்லை. இவரிடம் ஹீட்டர் இருந்தது. கூடவே விதிகளும் இருந்தன. மகளின் கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்க மாட்டேன் என்றார். எல்லாருக்கும் தபால்தான். ஒவ்வொரு உறைக்குள்ளும் முத்திரை ஒட்டிய சின்ன அட்டை: வருவோம், வரமாட்டோம், எத்தனை பேர்.

"வெள்ளைக்காரன் இப்பிடித்தான் செய்யிறான். மண்டபக்காரனுக்கு ஆள்கணக்குச் சொல்ல வேணும்."

அட்டை ஒன்றும் வரவில்லை. ஆட்கள்தான் வந்தார்கள். "கட்டாயம் வருவம் எண்டு சொல்லத்தான் வந்தனாங்கள்" என்று தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினார்கள். அண்ணை பேனாவோடு படிவரை துரத்துவார்.

"அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

"என்ன அண்ணை, கோட்டுக் கேஸோ?" என்று ஒரு அக்கா சப்பாத்தை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவர் ஒட்டிய முத்திரைகளைக் கழற்றி, பலர் தங்கள் ரெலிபோன் பில் கட்டும் உறையில் ஒட்டி அனுப்பினார்கள்.

கடைசியில் ஒரு அட்டை வந்தது. நகரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவருடைய மூத்த தமையன் அனுப்பியது. முத்து முத்தான கையெழுத்து. 'வரமாட்டோம்' என்பதில் அடையாளம்.

"தபாலில கூப்பிட்டதுக்குத் தபாலில தந்திருக்கிறார்" என்றாள் மகள். "பெரியப்பா வராட்டி நான் மணவறையில ஏற மாட்டன், அப்பா."

அண்ணை வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு நான். பஸ் மாறி மாறிப் போய், பனிக்குள் நடந்தோம். வெற்றிலை அப்பளம் போல விறைத்துவிட்டது.

மூத்தவர் கதவை அரைவாசிதான் திறந்தார். "என்ன, அட்டை கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது, அண்ணை. நீங்கள் ஒராள்தான் ஒழுங்கா நிரப்பினனீங்கள்."

"பேந்தென்ன?"

"கூப்பிட வந்தனான்."

தட்டம் நீண்டபடியே நின்றது. அண்ணை பின்வாங்குகிற மாதிரித் தெரியவில்லை. மூத்தவர் வெற்றிலையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துண்டு உடைந்து விழுந்தது.

"உந்தக் குளிருக்குள்ள உதைத் தூக்கிக்கொண்டு நடந்தனியோ, விசரா" என்று தட்டத்தை வாங்கினார். "உள்ளுக்கு வா. பெட்டைக்குப் போன் போடு, பெரியப்பா வாறன் எண்டு சொல்லு."

திரும்பி வரும்போது பஸ்ஸில், அண்ணையின் நல்ல மனநிலையைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "அண்ணை, எனக்கு மட்டும் கார்ட் தரேல்லையே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வீட்டு ஆக்களுக்கு ஆரும் கார்ட் அனுப்புவினமே?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் படுத்து எழும்பிவிட்டேன். என்னை வீட்டு ஆள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.