பெட்டியின் வாயை அடைத்த கதை

அந்தக் கம்ப்யூட்டரின் வாயை அடைத்தே தீருவது என்று லிஃப்ட்காரர் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது சபதம் செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மனைவி பக்கத்தில்தான் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் நின்று பட்டன் அமுக்குகிறவர் இல்லை. நின்றுபோன லிஃப்டை ஓட வைக்கிறவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அவர் சொன்னால் ஏழு மாடிக் கட்டடத்திலும் லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். வீட்டில் மட்டும் அவர் பேச்சு முதல் மாடியைக்கூடத் தொட்டதில்லை.

கம்ப்யூட்டர் அவருடைய மகளுடையது. ஒரே மகள், அப்போது பத்தொன்பது வயது. முழுசாக வாங்காமல் பாகம் பாகமாக வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, தானே பூட்டினாள். அப்பா டார்ச் பிடித்தார்.

“இதான்ப்பா ப்ராசஸர். மூளை. சட்டுனு சூடாயிடும், உங்களை மாதிரி. அதான் தலைக்கு மேலயே ஃபேன் வைக்கறோம், அம்மா மாதிரி.”

“சரி, சரி.”

“இது ரேம். கரண்டு இருக்கிற வரைக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும். அணைச்சா சுத்தமா மறந்துடும். இதுவும் நீங்கதான்.”

“எல்லாம் நானேன்னா உங்கம்மா எங்க?”

“இதோ, ஹார்ட் டிஸ்க். பதினஞ்சு வருஷம் முன்னாடி நீங்க சொன்னதுகூட இதுல அப்படியே இருக்கும்.”

அடுத்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. ஆறே நாள். மகள் போய்விட்டாள், கம்ப்யூட்டர் இருந்தது.

அதில் நாலு நிமிஷப் பதிவு ஒன்றும் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மகள் பேசியது. “ஒன்னு, ரெண்டு, மூணு... அப்பா, டார்ச்சை ஆட்டாதீங்க!” என்பாள். “ஆட்டலம்மா” என்று அவர் குரல் கேட்கும். அப்புறம் ஒரே சிரிப்பு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் மனைவி அதைப் போடுவாள். ஒரே ஒரு தடவை. கேட்டு முடித்ததும் அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷமாக இப்படித்தான். அந்த நாலு நிமிஷமும் லிஃப்ட்காரர் தெருமுனையில் போய் நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார்.

“தினம் இதையே கேட்டுக்கிட்டிருந்தா உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று ஒருநாள் கேட்டார்.

“என் உடம்புக்கு ஒன்னும் இல்ல. நனைஞ்சுட்டு வந்து தும்மறது நீங்கதான்.”

ஆகவே சபதம். எல்லாம் அவளுடைய நல்லதுக்காக. அப்படித்தான் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதைக் கேட்க முடியாதவர் தாம்தான் என்பதை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. லிஃப்டை நிறுத்த எதையும் உடைக்க வேண்டாம். ஃபியூசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ‘வேலை நடக்கிறது, இயக்காதே’ என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டையில் தேதி, கையெழுத்து. அதற்கப்புறம்தான் அடியில் இருக்கும் குழிக்குள் கால் வைக்கலாம். அட்டையை மறந்தால் ஆள் காலி. இருபத்தாறு வருஷத்தில் அந்த விதி அவருடைய மூளையை விட்டு இறங்கிக் கைக்கு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி பால் வாங்கப் போனாள். இவர் பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றினார். சீப்பு நீளம்கூட இல்லை. பழைய துணியில் சுற்றி, கருவிப் பைக்குள் வைத்துவிட்டு, ஜெயித்த களிப்பில் பாட்டுப் பாடிக்கொண்டே அரை மணி நேரம் குளித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருமுனைக்குப் போகவில்லை. மனைவி பட்டனை அமுக்கித் திகைப்பதைப் பார்க்க வேண்டுமே! “ஒன்னு, ரெண்டு, மூணு...” என்றாள் மகள். லிஃப்ட்காரர் ஒரு கால் செருப்போடு தெருவுக்கு ஓடினார்.

திரும்பி வந்து பையைத் தடவிப் பார்த்தார். துணிப் பொட்டலம் இருந்தது, உள்ளே நீளமாக ஏதோ இருந்தது. ‘உள்ளே ரெண்டு ரேம் இருக்கும் போல’ என்று முடிவு கட்டினார்.

வியாழக்கிழமை அடியில் இருந்த பட்டன் பேட்டரியைப் பிடுங்கினார். பேட்டரி இல்லாமல் எது ஓடும்? ஓடியது. அந்தப் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது.

“என்னங்க, இங்க வந்து பாருங்களேன்” என்று மனைவி கூப்பிட்டாள். திரையின் மூலையில் தேதி பின்னால் போயிருந்தது. மூன்று வருஷம் பின்னால். மகள் இருந்த வருஷம்.

“சரி பண்ணிடலாம்” என்றார் அவர்.

“வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்.”

அன்றைக்கு அவள் பதிவு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தப் போய் அவளை இன்னும் நாலு படி கீழே இறக்கிவிட்டோமே என்று லிஃப்ட்காரருக்கு இருந்தது.

சனிக்கிழமை நேராக ஹார்ட் டிஸ்க்கிலேயே கை வைத்தார். நாலு ஸ்க்ரூ. செங்கல் துண்டு மாதிரி கனத்தது. துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். இந்தத் தடவை பாடவில்லை.

வேலை ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில். கீழே லிஃப்ட் குழி, இடுப்பளவு ஆழம். அடியில் கறுப்பு எண்ணெயும் தண்ணீரும். அதில் இறங்குகிறவர் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான். பொட்டலத்தை எடுத்தார், கண்ணை மூடினார், போட்டார். ‘தொப்’ என்று சத்தம்.

ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. குழிக்குள் குதித்துவிட்டார்.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். “என்னண்ணே, வழுக்கிடுச்சா?”

“சாமான் விழுந்துடுச்சு.”

“ஸ்பேனரா? போனாப் போகுதுண்ணே, வேற வாங்கிக்கலாம்.”

“வேற வாங்க முடியாதுய்யா.”

“அப்படி என்ன சாமான்?”

லிஃப்ட்காரர் முழங்கை வரை சேற்றில் துழாவிக்கொண்டே சொன்னார்: “என் பொண்ணோட குரல்.”

வாட்ச்மேனுக்குப் புரிந்ததோ இல்லையோ, போய் டார்ச் எடுத்து வந்து குழிக்குள் காட்டினார். வயதானவர், கை நடுங்கியது. வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது.

“டார்ச்சை ஆட்டாதீங்கய்யா!” என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

கத்திய பிறகுதான் காதில் விழுந்தது, அது யாருடைய வார்த்தை என்று. அப்படியே குழியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாகத் தெருமுனையில் நின்று நின்று அடக்கிவைத்த அழுகை மொத்தமும் எண்ணெய்த் தண்ணீரில் இறங்கியது. வாட்ச்மேன் டார்ச்சை அணைக்காமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்த இடத்திலேயே பொட்டலம் கைக்குத் தட்டுப்பட்டது. தூக்கினார். அதிலிருந்து நுரை வந்தது. எண்ணெய் உள்ளே போய் டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைத்து, பதறிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே இருந்தது ஒரு கட்டி துணி சோப்பு. அதோடு ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு சிவப்பு அட்டை: ‘வேலை நடக்கிறது, இயக்காதே.’ கீழே செவ்வாய்க்கிழமைத் தேதி. அதற்கும் கீழே, சந்தேகமே இல்லாமல், அவருடைய கையெழுத்து. அட்டை மாட்டியது அவருக்கு ஞாபகமே இல்லை. கை தன் பாட்டுக்கு எழுதி, ரேம் இருந்த இடத்தில் தொங்கவிட்டிருக்கிறது.

அட்டையைத் திருப்பினார். பின்னால் மனைவியின் கோழிக் கிறுக்கல்.

‘எங்கயாவது தூக்கிப் போடுவீங்க. போட்டதும் நீங்களே இறங்கித் தேடுவீங்க. அவ வீட்ல பத்திரமா இருக்கா. சட்டை அழுக்காகியிருக்கும், சோப்பு வெச்சிருக்கேன்.’

மேலே ஏறி வந்து பையில் இருந்த மற்றப் பொட்டலங்களையும் பிரித்தார். ரேம் என்று நாலு நாளாகச் சுமந்தது உடைந்த சீப்பு. பேட்டரி மட்டும் நிஜப் பேட்டரி. அதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, துவைத்த ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. திரையில் வியாழன், சனித் தேதி போட்ட மற்ற இரண்டு சிவப்பு அட்டைகளும் சாத்தியிருந்தன.

“எப்படித் தெரியும் உனக்கு?”

“தினம் நான் துடைக்கற பெட்டி. செவ்வாய்க்கிழமை நீங்க குளிச்சிட்டிருந்தப்போ தரையில ஒரு ஸ்க்ரூ கெடந்துச்சு. திறந்தா, உள்ள உங்க கையெழுத்து தொங்குது. திருடப் போற இடத்துல கையெழுத்து போட்டுட்டு வர்ற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்.”

“மறுபடி பூட்ட யார் சொல்லிக் குடுத்தா?”

“அவதான். நீங்க டார்ச் மட்டும்தானே பிடிச்சீங்க.”

அவர் பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

“நான் பாட்டுக்குத் தெருவுக்குப் போய் நின்னேன்” என்றார் அவர். “உன்னைத் தனியா விட்டுட்டு.”

“தெரியும். ரெண்டு வருஷமா பக்கத்து நாற்காலி காலிதான். உக்காருங்க.”

உட்கார்ந்தார். மணி ஐந்து. அவள் பட்டனை அமுக்கினாள். உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள்.

“ஒன்னு, ரெண்டு, மூணு... அப்பா, டார்ச்சை ஆட்டாதீங்க!”

பெட்டிக்குள் இருந்த அப்பாவும் நாற்காலியில் இருந்த அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “ஆட்டலம்மா.”

நாற்காலிக் கைப்பிடியில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்த அவர் கையை மனைவி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கும் இதே பொய்தான் சொன்னீங்க.”